வாசலிலிருந்து வாசலுக்கு

தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற விமானத்துக்கு அது 5 நிமிடத் தூரம். நாம் காரில் போனால் செங்கோட்டை, புளியரை கடந்து, எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு என்று மலையைச் சுற்றி இறங்க வேண்டும். 100 கிலோமீட்டருக்கு மேல். 3 மணி நேரம் பிடிக்கும். சாரல் நேரத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் நின்றுவிட்டால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. சாலை வழியில் வாகைகுளம் விமான நிலையம் இன்னும் பக்கம்தான், பாதையும் சமவெளி. ஆனால் அங்கே உள்நாட்டு விமானங்கள் மட்டுமே.

"துபாய்தானே, 4 மணி நேரத்தில் வந்துவிடுவான்" என்று எங்கள் ஊர்ப் பெற்றோர் மனதைத் தேற்றிக்கொள்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆகாயக் கணக்கு சரி. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பிள்ளை அறையைப் பூட்டிக் கிளம்பி, 3 மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் காத்திருந்து, இங்கே இறங்கி இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து, மலை ஏறி இறங்கி வரும்போது அரை நாள் கழிந்திருக்கும். டிக்கெட்டில் இருப்பது விமானத்தின் நேரம். நாம் பார்க்க வேண்டியது வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரம்.

அமெரிக்கா என்றால் கேட்கவே வேண்டாம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான்பிரான்சிஸ்கோ – பெங்களூரு நேரடி விமானத்தைத் தொடங்கியது. முதல் விமானத்தை கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே வட துருவத்தின் மேலாக ஓட்டிவந்தார்கள். சுமார் 14,000 கிலோமீட்டர், 17 மணி நேரம். சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தால் துருவம் சுற்றுவழியாகத் தெரியும். உருண்டைக் கோளத்தில் நூலைப் பிடித்துப் பாருங்கள், அதுதான் குறுக்குவழி. மனிதர்கள் இப்படியொரு வழி கண்டுபிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனாலும் பெங்களூரில் இறங்கிய பிறகு தென்காசிக்கு ஓர் இரவுப் பயணம் மிச்சமிருக்கிறது.

இந்தத் தூரமே இல்லாமல் செய்யவும் ஒரு வழி உண்டு. ஸ்ரீதர் வேம்பு 2019-இல் கலிபோர்னியாவை விட்டு நம்ம மத்தளம்பாறைப் பக்கம் குடிவந்தார். அவருடைய சோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-லேயே இங்கே அலுவலகம் திறந்துவிட்டது. வேலை ஊரைத் தேடி வருவதுதான் நல்லது. எல்லாருக்கும் அது வாய்க்காது என்பதும் தெரியும்.

அதனால் தொலைவில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். நள்ளிரவில் போன் வந்த பிறகு டிக்கெட் தேடினால், எத்தனை வேகமான விமானமும் உதவாது. வீட்டில் ஐஸ் பெட்டி வந்திருக்கும், "மகன் எங்கே வந்துகொண்டிருக்கிறான்?" என்று ஒவ்வொருவராகக் கேட்க, தாய்மாமன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பார். அந்த நிலைமையை நான் பார்த்திருக்கிறேன், யாருக்கும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல்: கலிபோர்னியாவில் இரவு என்றால் இங்கே பகல். வந்த அன்றே சொந்தக்காரர் வீடுகளுக்கு இழுக்காமல் இரண்டு நாள் தூங்க விடுங்கள்.

அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவி வரை தானே நடந்துவர முடிகிற காலத்திலேயே வாருங்கள் தம்பிகளே, தங்கைகளே. அருவிச் சீசன் ஜூனில் தொடங்கும். வரும் ஜூலைக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள்.