இதில் உன் குரல் எது?

எங்கள் கொயரின் ஒத்திகைப் பதிவொன்றை ஊருக்கு அனுப்பியிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் உடனே கூப்பிட்டான். "இதுல ஒன் குரல் எதுடே? நாப்பது பேருக்கு நடுவுல நின்னு என்னத்தப் பாடுத? தனியா ஒரு பாட்டுப் பாட விட மாட்டானுவளா?"

கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை. குரல் என்றாலே நமக்குத் தனிக்குரல்தான். பிள்ளை நாலு வரி ஒழுங்காகப் பாடினால் மறுநாளே போட்டிக்கு அனுப்புகிறோம். கூட்டத்தோடு பாடுவது குரல் வளம் இல்லாதவர்களின் பாடு என்று நினைக்கிறோம். நான் வாழும் தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் கணக்கே வேறு. ஒத்திகையில் என் குரல் துருத்திக்கொண்டு கேட்டால் நடத்துனரின் கை நின்றுவிடும். அடுத்தவர் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டே பாட எனக்கு மூன்று வருடம் பிடித்தது. தனியாகப் பாடுகிறவருக்கு இந்தப் பாடம் வாய்ப்பதே இல்லை.

இங்கே பாட்டு சுரங்கக்காரர்களின் சொத்து. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையில், இசைக்குறிப்பின் கோடுகளை விட்டுவிட்டு வெறும் எழுத்துகளை வைத்தே பாடக் கற்றார்கள். நம் ஸட்ஜம் போலவே அதில் 'டோ' எந்தச் சுருதியிலும் உட்காரும். நான் முதல் நாளே ஒட்டிக்கொண்டது அதனால்தான். 1872இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் போட்டிக்குப் போய் வென்று வந்த தெற்கு வேல்ஸ் பெருங்கொயரை நடத்திய காரடாக், கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்தவர். 1957இல், அமெரிக்க அரசு பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருந்த அமெரிக்கப் பாடகர் பால் ரோப்சன், தெற்கு வேல்ஸின் போர்த்காலில் கூடிய சுரங்கத் தொழிலாளர்களுக்காக நியூயார்க்கிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். எங்கள் பள்ளத்தாக்கின் ட்ரியார்க்கி ஆண்கள் கொயர் அதே கம்பியில் அவருக்குத் திருப்பிப் பாடியது. அண்ணா, அந்தப் பாட்டில் யார் குரல் எது என்று அன்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால், "உங்கள் ஊரில் சேர்ந்து பாடும் பழக்கம் இல்லையோ?" என்று இங்கே ஒருவர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. மார்கழி விடியலில் தெருச் சுற்றும் பஜனையை எங்கே வைப்பது? கும்மியை? பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் நாலு குரலாகப் பிரிந்து பாடும் பாடகர் குழுக்களை? எம்.பி. சீனிவாசன் சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டே மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பாரதியைப் பல குரல்களில் பாட வைத்தார். நம்மிடம் இல்லாமல் இல்லை. அதற்கு மாலை போடத்தான் நமக்குத் தெரியவில்லை. மெட்டுப் போட்ட சீனிவாசனைத் தெரிந்த அளவுக்கு, கொயர் நடத்திய சீனிவாசனை எத்தனை பேருக்குத் தெரியும்?

ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990இல் மூடப்பட்டது. பேஸ் எனும் கீழ்க்குரல் வரிசையில் என் இடப்பக்கம் நிற்கும் பெரியவர் இளம் வயதில் அங்கே இறங்கியவர். நுரையீரலில் இன்னும் கரித்தூள் இருக்கிறது. நீண்ட சுரம் வந்தால் பாதியிலேயே அவருக்கு மூச்சு தீர்ந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது என்பது கொயரின் விதி. அப்போதுதான் கேட்பவருக்குச் சுரம் அறுபடாது. அவர் மூச்சு வாங்கும் இடங்களை என் தாளில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அங்கெல்லாம் நான் மூச்சு வாங்குவதில்லை.