பிழைபடும் உரையாசிரியர்

இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்கள் நம்மோடு வாதிடுவதில்லை; சொல்வதை எழுதிக்கொள்வார்கள். இப்பருவத்தில் குறுந்தொகை நாற்பதாம் பாடலுக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் உரை கேட்கச் செய்தோம். நொடியில் தந்தது: செம்புலப்பெயனீரார் பாடலைக் கபிலருடையதாக்கி, தலைவன் கூற்றைத் தோழி கூற்றாக்கி, சற்றும் தயங்காத நடையில். (அத்தன்னம்பிக்கை நமக்கு வாய்த்ததில்லை.) உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பை மேசைமேல் வைத்து, பிழை காணுங்கள் என்றோம்.

கடைசி வரிசை மாணவி எழுந்தாள். "பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள் ஐயா. அதைக் கண்டுதான் தலைவன் பேசுகிறான். இதற்கு அந்த அச்சமே தெரியவில்லை." மூன்று பருவங்களில் அவள் குரலை நாம் கேட்டது அன்றுதான்.

பிழைபடும் ஒன்றோடு பேச அச்சமில்லை போலும். உள்மதிப்பீட்டுக் கட்டுரையை அச்செயலியையே எழுதவைப்போர் இன்னும் உண்டு, மறுப்பதற்கில்லை. அடுத்த வாரம் நம் வகுப்புக் குறிப்புகளையும் அதே மேசையில் வைக்கவிருக்கிறோம்.