பழைய காருக்குப் புதுக் கண்ணாடி

பதினைந்து வருடம் தாண்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கும் 2005 மாடல் மாருதி 800-க்கு யாராவது காசு செலவு செய்வார்களா? நாங்கள் செய்தோம். ஸ்டீரியோ இல்லை, அலாய் வீல் இல்லை. உள்ளே நடுவில் இருக்கும் ரியர் வியூ மிரரை மட்டும் மாற்றினோம். "ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று ஹாஸ்டலில் ஓட்டித் தள்ளிவிட்டார்கள். அந்த ஆராய்ச்சியைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய காரும், அதை ஓட்டும் ஐம்பது வயது தாண்டிய ஒருவரும் இருந்தால் உதவும்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டைப் பக்கம் பாட்டியைப் பார்த்துவிட்டு ராத்திரி தஞ்சாவூர் திரும்புவார். கொஞ்ச நாளாகவே "ராத்திரி ஓட்ட முடியலைம்மா, பின்னாடி வர்றவன் லைட்டு கண்ணைக் குத்துது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரை விற்றுவிடலாமா என்ற பேச்சும் வந்துவிட்டது.

எதிரே வரும் வெளிச்சத்துக்கு நம் ஊரில் ஏதோ கொஞ்சம் ஏற்பாடு உண்டு. நான்கு வழிச் சாலையின் நடுவில் அரளிச் செடி வரிசையாக நிற்பது அழகுக்கு மட்டுமில்லை, எதிர் வண்டியின் லைட்டை மறைக்கவும்தான். ஹெட்லைட் நடுவில் போலீஸ்காரர்கள் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதும் அதற்காகத்தான். பின்னால் வரும் வெளிச்சத்துக்கு அரளி கிடையாது. 800 தாழ்வான வண்டி. பின்னால் வருவது உயரமான எஸ்.யு.வி.யாக இருந்துவிட்டால், அதன் ஹெட்லைட் நேராக நம் பின்கண்ணாடி வழியாக வந்து மிரரில் பட்டு கண்ணில் இறங்கும். அதிலும் எல்.இ.டி. பல்பு மாற்றி, ஹை பீமிலேயே வருகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

வயது இதில் பெரிய விஷயம். 60 வயதில் கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. அதனால் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பளீர் என்று வெளிச்சம் அடித்த பிறகு பழைய நிலைக்கு வரவும் நேரம் கூடுதலாக எடுக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. இரண்டு நொடி கண் கூசினால் 33 மீட்டர் குருட்டுப் பயணம்.

"அதுக்குத்தானே மிரருக்குக் கீழே ஒரு சின்ன லீவர் இருக்கு?" என்பீர்கள். சரியான கேள்வி. அந்த லீவர் ஒரு அருமையான கண்டுபிடிப்பு. அந்த வகை மிரரின் கண்ணாடி தட்டையானது இல்லை, ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். பின்பக்கம் வெள்ளிப்பூச்சு. பகலில் அந்தப் பூச்சு பிரதிபலிப்பதைத்தான் பார்க்கிறோம். லீவரைத் தட்டினால் கண்ணாடி சாய்ந்து, பூச்சில் பட்ட வெளிச்சம் காரின் கூரைப் பக்கம் போய்விடும். வெறும் கண்ணாடியின் முன்பரப்பு பிரதிபலிக்கும் 4 சதவீத வெளிச்சம்தான் நம் கண்ணுக்கு வரும். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை.

குறை என்னவென்றால், அதற்கு இரண்டே நிலைதான். ஒன்று முழு வெளிச்சம், இல்லாவிட்டால் 4 சதவீதம். லீவரைத் தட்டிவிட்டால் கூசும் வண்டி அடங்கிவிடும். கூடவே அதற்குப் பக்கத்தில் மங்கலான லைட்டோடு வரும் டி.வி.எஸ். 50-யும் காணாமல் போய்விடும். ஒவ்வொரு வண்டிக்கும் கையைத் தூக்கித் தட்டவும் முடியாது. எங்கள் காரிலோ அந்த லீவரும் இல்லை, வெறும் சாதாரண மிரர்!

இடையில் ஒரு குட்டிக் கதை. 1911-ல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மற்ற கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து, பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துச் சொல்வார். ரே ஹாரூன் என்பவர் தனி ஆளாக வந்தார். மற்றவர்கள் ஆட்சேபிக்க, தன் மார்மன் காரில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜெயித்தவரும் அவர்தான். செங்கல் பதித்த தடத்தில் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னாராம் :-) கண்ணாடி ஆடக்கூடாது என்ற பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சரி, மேட்டருக்கு வருவோம். இப்போது பழைய காருக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, திரை மிரர். பின்னால் ஒரு கேமரா, முன்னால் மிரர் இருந்த இடத்தில் ஒரு நீள ஸ்க்ரீன். நிசான் 2014-லேயே இப்படி ஒன்றைக் காட்டியது. கெடிலாக் சி.டி.6 கார் 2016-ல் இதோடு வந்தது. பழைய மிரர் மேல் ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளும் மாடல்கள் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. பின் சீட்டில் மூட்டை இருந்தாலும் பின்னால் தெரியும், வீடியோவும் பதிவாகும். நண்பர்கள் எல்லோரும் இதையே வாங்கச் சொன்னார்கள். நானும் அதைத்தான் வாங்குவதாக இருந்தேன். யோசித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது.

சாதாரண மிரரில் தெரியும் லாரி, மிரரின் பரப்பில் இருப்பதில்லை. பத்தாம் வகுப்பில் படித்ததுதான்: சமதள ஆடியில் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, பிம்பமும் ஆடிக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் இருக்கும். 30 மீட்டர் பின்னால் வரும் லாரியைப் பார்க்க, கண் 30 மீட்டருக்குத்தான் ஃபோகஸ் செய்கிறது. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண் எதையும் மாற்ற வேண்டியதில்லை. திரையில் தெரியும் லாரியோ முகத்திலிருந்து அரை மீட்டரில் இருக்கும் ஒரு படம். கண் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும், மறுபடி தூரத்துக்கும் ஃபோகஸ் மாற்ற வேண்டும். எனக்கு அது பெரிய விஷயமில்லை. அப்பாவுக்கு வெள்ளெழுத்து. பேப்பர் படிக்கவே கண்ணாடி வேண்டும்.

இன்னும் ஒன்று. அப்பா போடுவது பைஃபோகல். கிட்டப் பார்வைக்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. கார் மிரர் இருப்பதோ மேலே. அப்படியென்றால் திரையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் முகவாயைத் தூக்கி, அண்ணாந்து பார்க்க வேண்டும். ராத்திரியில், 60 கிலோமீட்டர் வேகத்தில்!

மற்ற குறைகளும் உண்டு. கேமரா அகலமாகப் படம் பிடிப்பதால் பின்வண்டி உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தோன்றலாம். கேமரா வெளியே இருந்தால் மழைத்துளியும் சேறும் படியும். வெயிலில் நிறுத்திய காரில், உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த மலிவு மாடல்கள் உப்பிக்கொள்வதும் நடக்கிறது. ஆனால் எனக்கு முக்கியமான காரணம் அந்த வெள்ளெழுத்துதான்.

இரண்டாவது வழி, தானாக இருளும் மிரர். எலக்ட்ரோக்ரோமிக் என்பார்கள். 1974-ல் மிச்சிகனில் தீ எச்சரிக்கைக் கருவி செய்ய ஆரம்பித்த ஜென்டெக்ஸ் நிறுவனம் 1987-ல் இந்த வகை மிரரைக் கொண்டுவந்தது. இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் மெல்லிய ஜெல். கண்ணாடிகளின் உள்பக்கம் மின்சாரம் கடத்தும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத பூச்சு. சுமார் ஒரு வோல்ட் கொடுத்தால் போதும். ஒரு பக்கம் ஒரு வேதிப்பொருள் எலக்ட்ரானை இழந்து நிறம் மாறும், மறு பக்கம் இன்னொன்று எலக்ட்ரானைப் பெற்று நிறம் மாறும். கண்ணாடி நீலப் பச்சையாக இருளும். மின்சாரத்தை நிறுத்தினால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து பழையபடி தெளிந்துவிடும். அதனால் ஒயர் அறுந்தாலும் பயமில்லை, அது சாதாரண மிரராகிவிடும். இந்த ஒரு குணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எப்போது இருள வேண்டும் என்று சொல்ல இரண்டு சென்சார். முன்பக்கம் பார்க்கும் சென்சார் "வெளியே ராத்திரியா?" என்று பார்க்கும். பின்பக்கம் பார்ப்பது "பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிறதா?" என்று பார்க்கும். இரண்டுக்கும் ஆமாம் என்றால், வெளிச்சத்துக்கு ஏற்ற அளவு மட்டும் இருளும். லீவரின் இரண்டே நிலை மாதிரி இல்லை. லாரியும் தெரியும், டி.வி.எஸ். 50-யும் தெரியும்.

புது மிரர் விலை கட்டுப்படியாகவில்லை. சென்னையில் படிப்பதால் புதுப்பேட்டைக்குப் போனேன். விபத்தான வண்டிகளிலிருந்து கழற்றிய மிரர்கள் நிறைய இருந்தன. வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. ஓரத்தில் பழுப்புக் கறை, குமிழி, கசிவு இருந்தால் வேண்டாம். ஜெல் போய்விட்டது என்று அர்த்தம்.

2. 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, முன் சென்சாரைக் கட்டை விரலால் மூடி, பின் சென்சாரில் மொபைல் டார்ச் அடியுங்கள். சில நொடிகளில் ஒரே சீராக இருள வேண்டும். திட்டுத்திட்டாக இருண்டால் நகர்ந்துவிடுங்கள்.

3. கனெக்டரை ஒயரோடு சேர்த்துக் கேளுங்கள். எந்த பின் எதற்கு என்பதை மிரரின் மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். குத்துமதிப்பாக இணைக்க வேண்டாம்.

மாட்டும் வேலையை எங்கள் தெரு கார் எலக்ட்ரீஷியன் அண்ணன் கூட இருந்து செய்து கொடுத்தார். எங்கள் காரில் மிரர் கூரையில் ஸ்க்ரூ போட்டு மாட்டியது. புது மிரரோ முன்கண்ணாடியில் ஒட்டிய ஒரு உலோகப் பொட்டில் மாட்டுவது. வெளிப்பக்கம் டேப் ஒட்டி இடத்தைக் குறித்து, உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, இதற்கென்றே விற்கும் பசையால் பொட்டை ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டோம். இந்த மிரர் பழையதைவிடக் கனம். சரியாக ஒட்டாவிட்டால் ஹாரூன் கதைதான். 800-இன் முன்கண்ணாடி சின்னது, அதனால் எவ்வளவு மேலே ஒட்ட முடியுமோ அவ்வளவு மேலே ஒட்டினோம். தாழ்வாக மாட்டினால் சந்திப்பில் இடது பக்கம் வரும் பைக்கை மிரரே மறைத்துவிடும்.

ஒயர் மூன்று. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து ஒன்று, நடுவில் ஒரு சின்ன ஃபியூஸோடு. எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரில் கொடுத்தால் நிறுத்தி வைத்த காரின் பேட்டரி மெல்ல இறங்கும். இரண்டாவது எர்த். மூன்றாவது ரிவர்ஸ் லைட்டிலிருந்து. "அது எதுக்கு தங்கச்சி?" என்றார் அண்ணன். ரிவர்ஸ் எடுக்கும்போது மிரர் இருண்டிருந்தால் பின்னால் நிற்கும் குழந்தை தெரியாமல் போகலாம். அந்த ஒயர் இருந்தால் ரிவர்ஸ் கியர் விழுந்ததும் மிரர் தெளிய ஆரம்பித்துவிடும். பின்பக்கம் வரை ஒயர் இழுக்க அரை மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு வில்லங்கம் பிள்ளையார் ரூபத்தில் வந்தது. மிரர் காம்பில் தொங்கவிடுவதற்கு அம்மா ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்தார். அவர் ஆடி ஆடி முன் சென்சாரை மறைத்தால், பட்டப்பகலிலும் மிரர் ராத்திரி என்று நினைத்துக்கொள்ளும். காரணத்தைச் சொன்னதும், அம்மா பெரிய மனதோடு பிள்ளையாரை டேஷ்போர்டுக்கு இடம் மாற்றினார்.

பலன்? முதல் ஞாயிறு ராத்திரி ஓட்டிவிட்டு அப்பா சொன்னது: "பின்னாடி தொந்தரவு சுத்தமா போச்சு. ஆனா முன்னாடி வர்ற லைட்டைச் சுத்தி இன்னும் வட்டம் வட்டமா தெரியுதும்மா."

இதுவரை எல்லாப் பழியையும் பின்னால் வந்த வண்டிகளே சுமந்ததால், இந்த வட்டத்தைப் பற்றி அவர் தனியாகச் சொன்னதே இல்லை. ராத்திரியில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது கண்புரை ஆரம்பத்தின் அறிகுறியாக இருக்கலாம். கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள், அதுவரை ராத்திரி ஓட்ட வேண்டாம் என்றார். அப்பா ஒரு நாள் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. மறுநாள் காலை கார் சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை திரும்பி வர்றப்ப நீ ஓட்டு" என்றார். காரை விற்கும் பேச்சு நின்றுவிட்டது.

அதனால் பழைய காருக்கு மிரர் மாற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் உள்பக்கம் நன்றாகத் துடையுங்கள், பாதிக் கூச்சம் அந்த எண்ணெய்ப் படலத்தில் இருக்கலாம். உங்கள் மிரரில் லீவர் இருந்தால் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தால் கண் பரிசோதனை செய்யுங்கள். அதற்குப் பிறகு புதுப்பேட்டைக்குப் போங்கள். திரையா, இருளும் கண்ணாடியா என்பதை ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார் எதை மாட்டினாலும் சுமந்துகொள்ளும்.