கால் கனக்குது பிள்ளை

விசுவமடுவில் வீடு வீடாகச் செல்லும் என் பணியில், இதய வருத்தமுள்ள ஓர் அம்மாவைச் சில மாதங்களாகப் பார்த்து வருகிறேன். கிளினிக்கில் 'இதயச் செயலிழப்பு' என்று சொல்லியிருந்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உடலுக்குப் போதிய குருதியை அதனால் இறைக்க முடியவில்லை என்பதே பொருள்.

மருந்தோடு தினமும் மெல்ல நடக்கும்படியும் வைத்தியர் கூறியிருந்தார். பல வாரங்கள் முயன்றும் ஒழுங்கை முனை வரைதான் போக முடிந்தது. திரும்பி வந்தால் களைப்பு ஆற நெடுநேரம் எடுத்தது.

"அம்மாவுக்குப் பஞ்சி அக்கா, சாட்டுச் சொல்லுறா" என்றார் மகள்.

"நடக்க ஆசைதான். கால் கனக்குது பிள்ளை" என்றார் அம்மா.

அவருக்கு நீண்டகாலச் சீனி வருத்தமும் உண்டு. அடுத்த கிளினிக்கிற்கு நானும் கூடச் சென்று இதைச் சொன்னேன். கையிலும் கணுக்காலிலும் குருதியமுக்கம் அளந்தார்கள். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்தால் 1 அளவில் வர வேண்டும். 0.90 அல்லது அதிலும் குறைந்தால் கால் நாடிகள் ஒடுங்கியுள்ளன என்று கொள்வர். அம்மாவுக்குக் குறைவாகவே இருந்தது.

இந்த ஒடுக்கம் இருந்தால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் ஆறும் என்பார்கள். ஆனால் இதயம் பலவீனமானவர் அந்த வலி வருமுன்னரே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார். பெண்கள் பலருக்கு வலியே தெரிவதில்லை. அதனால் நோய் மறைந்தே கிடக்கிறது. தண்ணீர் இறைக்கும் மெசினும் பலவீனம், வாய்க்காலும் அடைப்பு என்றால் பயிர் என்ன செய்யும்? கால் தசைகளின் நிலையும் அதுதான்.

வைத்தியர் நடையை நிறுத்தவில்லை. சிறிது நடந்து, இருந்து ஆறி, மீண்டும் நடக்கும்படி மாற்றிக் கொடுத்தார். மருந்திலும் மாற்றம் செய்தார். வெறுங்காலோடு திரியாமல், தினமும் பாதங்களைப் பார்க்கவும் சொன்னார். இப்போது மகளும் கூட நடக்கிறார்.

வன்னியில் காலிழப்பு என்றால் எறிகணையும் மிதிவெடியுமே நினைவுக்கு வரும். சத்தமின்றிக் காலைப் பறிக்கும் நோயும் உண்டு. ஆணின் களைப்பை உழைப்பு என்றும் பெண்ணின் களைப்பைப் பஞ்சி என்றும் சொல்லிப் பழகிய எமக்கு, அது கண்ணில் படுவதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இதய வருத்தமுள்ளவர் நடந்தும் தேறவில்லையா? சீனி வருத்தம், உயர் குருதியமுக்கம், சுருட்டுப் பழக்கம் இருக்கிறதா? கால் குளிர்ந்திருக்கிறதா, புண் ஆறாமல் இருக்கிறதா? கிளினிக்கில் தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, காலையும் ஒருக்காப் பாருங்கோ."