இந்தப் பாட்டு முடியட்டும்

டிரான்ஸ் இசையில் பாட்டு முடிவதே இல்லை. அது தெரிந்தும், "இந்தப் பாட்டு முடியட்டும், போயிடலாம்" என்று நண்பனிடம் சொன்னவன் நான்.

நிமிடத்துக்கு 130, 140 அடி என்று ஓடும் இசை அது. ஒவ்வொரு பாட்டின் தலையும் வாலும் பெரும்பாலும் வெறும் தாளம்தான். டிஜே ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றிச் சேர்ப்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. நடுவே சட்டென்று தாளம் நிற்கும். 'பிரேக்டவுன்' என்பார்கள். மெட்டு மட்டும் தனியே மிதக்கும். ரோலண்டு நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஜேபி-8000 கருவியில், ஏழு அலைகளைக் கொஞ்சமாகச் சுருதி விலக்கிச் சேர்க்கும் 'சூப்பர்சா' ஒலி அந்த இடத்தில்தான் நெஞ்சைப் பிடிக்கும். பிறகு ஸ்னேர் டிரம்மின் அடி நெருங்கும், இன்னும் நெருங்கும். தாளம் திரும்ப விழுந்ததும் அரங்கமே கையைத் தூக்கும். செய்முறை முழுக்க எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் கண் கலங்கிவிடும்.

நெதர்லாந்தில் வேலை பார்த்த காலம். 2001இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய டிஜே ஆர்மின் வான் பியூரனின் 'எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்' விழா, உட்ரெக்ட் நகரின் கண்காட்சி அரங்கில் இராமுழுக்க நடந்தது. அறைத்தோழனை வற்புறுத்தி அழைத்துப் போனேன். கூட்டமென்றாலே அவனுக்கு ஆகாது. ஊரில் தேர் நிலைக்கு வந்தபிறகு கோயிலுக்குப் போகிறவன்.

நள்ளிரவு தாண்டி என் தோளைத் தொட்டான். "மச்சான், மூச்சு முட்டுதுடா. வெளிய போலாம்." தாளம் நின்று மெட்டு ஏறத் தொடங்கியிருந்த நேரம். பாட்டு முடியட்டும் என்றேன். மறுபடி கேட்டான், மறுபடி அதையே சொன்னேன். அப்புறம் அவன் பக்கத்தில் இல்லை.

கூட்டத்தில் பிரிந்துவிட்டோம், நான் கவனிக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். அவன் தள்ளாடிப் போவதைப் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே பெயர் தெரியாத ஒரு டச்சுக்காரரைக் கட்டிப்பிடித்து, உலகமே என் சொந்தம் என்ற பூரிப்பில் குதித்தேன். அங்கே சிலர் மாத்திரை போட்டிருப்பார்கள். நான் பீர்கூடக் குடிக்கவில்லை. அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

விடியும் நேரத்தில் விளக்கைப் போட்டபிறகுதான் தேடப் போனேன். முதலுதவி அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உன்ன எங்கெல்லாம் தேடுனேன் தெரியுமா?" என்றேன். நம்பிவிட்டான். போதாக்குறைக்கு, "என்னால உன் ராத்திரி கெட்டுப்போச்சுடா" என்று வருத்தப்பட்டான். மறுக்காமல் கேட்டுக்கொண்டேன்.

மறு ஆண்டு டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே எனக்கு மட்டும் ஒன்று வாங்கினேன். அவனிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.