காலிமுகத் திடலில் ஒரு விண்மீன் மாலை

கொழும்பு மாநகரில் மேல்வானத்தை அடிவரை தடையின்றிக் காணத்தக்க இடம் யாதென வினவின், காலிமுகத் திடலையே முதலிற் கூறல் வேண்டும். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859 ஆம் ஆண்டில் இங்குள்ள உலாவீதியை நிறைவு செய்தபோது, கொழும்பு வாழ் பெண்டிர்க்கும் பிள்ளைகட்குமாக அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்லிற் பொறித்து வேண்டினார். இன்றும் அந்திவேளையிற் பட்டம் விடும் சிறுவரும், இறால் வடை வாங்கும் குடும்பத்தினரும் அங்கே நிறைந்திருப்பர். அனைவரும் கடலை நோக்குவர். அதன் மேலுள்ள வானை நோக்குவோர் மிகச் சிலரே.

கோயிலில் அருச்சனை செய்விக்கும்போது நம் பெயரையும் நட்சத்திரத்தையும் தவறாது கூறுகின்றோம். ஆயின் அந்த நட்சத்திரம் வானில் எங்கேயுள்ளது எனக் கேட்டால், விரல் நீட்டிக் காட்ட வல்லார் எத்தனை பேர்? இக்குறையை நீக்கச் சந்திரனே துணை செய்கின்றது. அது விண்மீன்களிடையே கிழக்கு நோக்கி நகர்ந்து, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறையத் தன் விட்டத்தளவு தூரத்தைக் கடக்கும். வழியில் எதிர்ப்படும் விண்மீனை மறைத்துச் செல்லும். முதற்றர ஒளியுடைய விண்மீன்களுள் இவ்வாறு மறைபடுவன ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என்னும் நான்கே. 1497 மார்ச் 9 ஆம் திகதி இத்தாலியின் பொலோஞா நகரில் இளைஞரான கொப்பர்னிக்கஸ் கண்டு குறித்துக்கொண்டது ரோகிணியின் மறைவையே.

ஆறு மீன்களாய் நம் கண்ணுக்குத் தோன்றும் கார்த்திகைக் கூட்டமும் சந்திரனின் வழியில் அகப்படுவதுண்டு. 2023 முதல் 2029 வரை மாதந்தோறும் உலகின் ஏதேனும் ஒரு பகுதியில் இம்மறைப்பு நிகழ்கின்றது. பொதுமக்களுக்கென ஒரு மாலையை ஒழுங்கு செய்வோர் இதனையே நாடுதல் நன்று. தனித்த விண்மீனாயின் அது மறைவது ஒரு கணமே. தொலைகாட்டியிற் கண் வைத்திருப்பவர் ஒருவரன்றி வரிசையில் நிற்கும் ஏனையோர் ஏமாற்றமடைவர். கார்த்திகையிலோ மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும். குடும்பத்துக்கு ஒரு மீன் எனப் பங்கிடலாம்!

எந்த நாளைத் தேர்வது? போயா விடுமுறையே வசதியென்று பலர் எண்ணுவர். ஆயின் பூரணையின் பேரொளியில் அருகிலுள்ள மீன்கள் மங்கிப்போம். வளர்பிறைக் காலமே தக்கது. அப்போது சந்திரனின் இருண்ட விளிம்பு முன்செல்ல, மீன்கள் அதன் பின்னே மறையும். பெப்ரவரி நடுப்பகுதியில் அரைமதியும், மார்ச் நடுப்பகுதியில் ஐந்தாறு நாட் பிறையும் கார்த்திகையை அணுகும். மார்ச்சில் இரவு ஏழு மணிக்கு அவை கடலுக்கு மேலே வானின் பாதி உயரத்தில் நிற்கும். கொழும்பில் மழை குறைந்த மாதங்களும் இவையே. நகரின் மின்விளக்குகள் பால்வீதியை மறைப்பினும் பிறையை மறைக்கமாட்டா.

சந்திரன் பூமிக்கு அண்மையிலிருப்பதால், ஊருக்கு ஊர் மறைப்பு நேரம் வேறுபடும்; ஓரூரில் மறையும் மீன் பிறிதோரூரில் மறையாது தப்பவுங் கூடும். ஆதலின் கொழும்புக்கெனக் கணித்த நேரமே வேண்டும். தொலைகாட்டிகளுடன் இருகண் தொலைகாட்டிகளும் பலவாக இருத்தல் நலம். அவற்றின் கால்களைப் புற்றரையில் ஊன்றி, வில்லைகளில் உப்புக் காற்றின் ஈரம் படியாது காத்தல் வேண்டும். முதியோர்க்கு நாற்காலியும், சிறுவர்க்கு ஏறி நிற்கப் பலகையும் வைத்தல் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் செக்கன்களை உரக்க எண்ணுதல் போதும்.

எண்ணி முடியுமுன் மீன் மங்கித் தேயுமென எதிர்பார்ப்போர் வியப்படைவர். சந்திரனில் ஒளியைப் படிப்படியாக மங்கச் செய்யும் வளிமண்டலம் இல்லை. தொலைவிலுள்ள மீனோ வெறும் ஒளிப்புள்ளியே. எனவே அது விளக்கை அணைத்தாற்போல் ஒரு கணத்தில் இல்லையாகும். “எங்கே போயிற்று?” எனப் பிள்ளை கேட்கும். “போகவில்லை, சந்திரனுக்கு அப்பால் இருக்கிறது” எனத் தாய் விடை கூறுவாள். சந்திரன் அண்மையது, விண்மீன் மிகச் சேய்மையது என்னும் உண்மையை அவ்விருவரும் தம் கண்ணாலேயே கற்றுக்கொள்வர். பின்னொருநாள் சந்நிதியிற் “கார்த்திகை நட்சத்திரம்” என்று கூறும் அப்பிள்ளை, தான் நேரிற் கண்ட ஒன்றின் பெயரையே கூறும்.