பெயர் இழந்த நகல்

கல்லூரியில் கற்பிக்கும் இளம் பேராசிரியை ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். "சாமி, பாடத்துக்கு வேண்டிய புத்தகத்தை வாங்கப் பிள்ளைகளுக்கு வசதியில்லை. இரண்டு அதிகாரங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். இது திருட்டா?" என்று கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. குருமடத்தில் நாமும் நகல்களைக் கட்டி வைத்துப் பயின்றவர்தாமே!

தேடியபோது ஒரு வழக்கு கண்ணில் பட்டது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இராமேஸ்வரி நகலகம் என்றொரு சிறு கடை. பாடத்திட்டம் குறிப்பிட்ட பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து, ஒரே கட்டாக மாணவர்க்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-இல் அக்கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது உரிமை மீறலன்று என்கிறது. கற்பித்தல் என்பது வகுப்பறையின் ஒரு மணி நேரம் மட்டுமன்று என்று 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை தெய்வீக உரிமையன்று என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவே இவ்வுரிமையின் எல்லை என்று வரையறுத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

"திருட்டன்று, அம்மா, பாடத்தின் தேவை எவ்வளவோ அவ்வளவே எடுங்கள்" என்று அவருக்கு விடை கூறினோம். நிம்மதியோடு சென்றார். நமக்குத்தான் நிம்மதி இல்லை.

அன்றிரவு நம் பழைய கட்டுகளுள் ஒன்றைப் பிரித்தோம். ஓரங்களெல்லாம் நம் கைக்குறிப்புகள். அதிலுள்ள சிந்தனைகளைப் பல்லாண்டுகளாக நம் மறையுரைகளில் எடுத்துரைத்துள்ளோம். ஆயின் முதல் பக்கம் இல்லை. எழுதியவர் யார்? தெரியவில்லை.

தன் படைப்பு தன்னுடையதே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பின்னும் ஆசிரியரை விட்டு நீங்குவதில்லை என்கிறது அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு. படியெடுக்கச் சட்டம் இசைவு தந்தது. எழுதியவரை மறக்க அது இசைவு தரவில்லை. நாமோ மறந்துவிட்டோம். பிறர் உழைப்பை நம்முடையது போல் பேசி, அதற்குரிய பாராட்டையும் பெற்றுக்கொண்டோம்.

மறுநாள் காலை அப்பேராசிரியையை அழைத்து இன்னுமொன்று கூறினோம்: "நகலின் முதல் தாளில் நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் மறவாமல் இடுங்கள்."

பெயரறியா அந்த ஆசிரியருக்கு நாம் பட்ட கடனோ இன்னும் தீரவில்லை.